இரண்டு இடத்தில் வைத்த நேர்த்தி

எலிசா படியிறங்கும்போதே கதைக்கத் தொடங்கிவிடுவாள். கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஆள் நிற்கிறாரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. "இண்டைக்கு பஸ்ஸில ஒருத்தன், காலெல்லாம் சேறும் பனியும், என்ர சாப்பாட்டுப் பையை மிதிச்சுப்போட்டு, மன்னிக்கட்டாம், பிரெஞ்சில பார்தோங் எண்டான். பார்தோங் சொன்னா நசிஞ்ச இடியப்பம் நிமிருமோ?" கடைசிப் படியில் சப்பாத்தைத் தட்டிவிட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழையும்போது கதை பாதி முடிந்திருக்கும். மீதியைக் கேட்பதற்கென்று அவள் கணவர் பத்திநாதர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோவிலின் நிலவறைதான் அவருடைய இருப்பிடம். உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு உள்ளே போனவர். தலைக்கு மேலே பூசை நடக்கிறது, கலியாணம் நடக்கிறது, செத்தவர்களை வழியனுப்புகிறார்கள். இவர் கீழே இருக்கிறார். வெளியே கால் வைத்தால் பிடித்துக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கோவிலுக்குள் பொலிஸ் நுழைவதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது, அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். கோவில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் எலிசாவின் வீட்டுத் தெருமுனை தெரியும். மனிதர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் கால் தானாக நடந்துவிடும் என்கிறார்.

நடந்தது இதுதான். மன்னாரில் பத்திநாதருக்கும் எலிசாவின் அக்கா ஜொய்சியின் கணவருக்கும் கூட்டாக ஒரு வள்ளம் இருந்தது. சகலன்மார் இருவரும் அதில் மீன் பிடித்தார்கள். துவக்கோடு வந்து நின்றவர்கள் ஏற்று என்று சொன்னபோது டீசலும் ஏற்றினார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? அந்த டீசலுக்காக இராணுவம் இருவரையும் ஒன்றாகப் பிடித்து ஒரே முகாமில் வைத்து அடித்தது. தப்பியபின் ஒருவர் பிரான்சுக்கும் ஒருவர் கனடாவுக்கும் ஓடினார்கள். எலிசாவும் மகள் அனோஜினியும் முன்னமே மொன்றியலுக்கு வந்து அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள். பின்னால் வந்து சேர்ந்த பத்திநாதரை மட்டும், டீசல் ஏற்றியவர், இயக்கத்துக்கு உதவியவர், வேண்டாம் என்றுவிட்டார்கள். அடிவாங்கியதும் அதே டீசலுக்கு, கதவடைத்ததும் அதே டீசலுக்கு. இதற்கு நியாயம் சொல்ல வருகிறவர்கள் முதலில் அவருடைய முதுகை ஒருதரம் பார்த்துவிட்டு வரட்டும்.

எலிசாவின் வேலை டோர்வல் விமான நிலையத்தடியில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் குசினியில். தட்டில் பாணும் வெண்ணெயும் வைத்து, கரண்டியும் துடைப்பானும் சுற்றி வைத்து மூடுவாள். பாரிசுக்குப் போகும் தட்டென்றால் அவள் கை கொஞ்சம் மெதுவாகும். அக்கா இருக்கும் ஊராயிற்றே. ஆனால் இப்போதெல்லாம் எந்தத் தட்டை மூடினாலும் ஒரே நினைப்பு. "ஒருநாளைக்கு என்ர மனிசனை ஏத்துற பிளேனுக்கும் நான்தானே சாப்பாடு கட்டி அனுப்புவன்" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். யாரும் கூடச் சிரிப்பதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் தனியாக வாங்க மாட்டாள். குடை என்றால் இரண்டு, கையுறை என்றால் இரண்டு சோடி, சுவரில் மணிக்கூடு இரண்டு. "ஒண்டு பிழைச்சா மற்றது நிக்கும்" என்பாள். மகள் அனோஜினி பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். "அம்மா, உங்களுக்கு அப்பாவும் ரெண்டு இருந்திருந்தா ஒராளைக் கோவில்ல விட்டுட்டு ஒராளை வீட்டில வச்சிருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். எலிசா அகப்பையை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்கியபின், "அதுதானே பிள்ளை, அந்தாள் மட்டும்தான் தனியா வந்து வாய்ச்சது" என்றாள்.

நேர்த்திக்கடன் வைப்பதும் அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வள்ளம் கரை சேரவில்லை என்றாலும், மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி, அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி. காரியம் ஆனதும் இரண்டு இடத்துக்கும் போய்க் கடனைத் தீர்த்துவிடுவாள். எங்கள் பக்கத்துச் சனம் எல்லோரும் செய்கிற காரியம்தான். மாதாவிடம் கேட்டதை அந்தோனியாரிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சுவாமியாரும் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

பத்திநாதருக்காக வழக்காடியவள் ஸ்ரீலேகா. டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பிக்கிறவள், சென்னைப் பெண், ஒரு சதமும் வாங்காமல் வந்தவள். கனடாவின் நீதிமன்றங்கள் எல்லாம் கைவிரித்த பிறகு ஜெனீவாவில் இருக்கும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு அவள்தான் எழுதினாள். குழு உடனே பதில் போட்டது: நாங்கள் இதை விசாரித்து முடிக்கும்வரை இந்த மனிதரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கனடாவைக் கேட்டுக்கொண்டது.

செய்தி கேட்டு எலிசா கோவிலுக்கு ஓடிவந்து முழந்தாளில் நின்றாள். எழும்பி ஸ்ரீலேகாவிடம் கேட்டாள்: "அப்ப இவர் வீட்டை வரலாமோ, மிஸ்?"

"இல்லக்கா. அவங்க கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். கட்டளை இல்ல. அதுக்குக் கட்டுப்படணும்னு இல்லேன்னு அரசாங்கம் சொல்லுது."

"முழு உலகமும் சேர்ந்து கேட்டுமோ?"

"முழு உலகமும் சேர்ந்துதான், அக்கா."

ஆனாலும் அந்தக் கேட்டுக்கொள்ளலுக்கு ஒரு பலன் இருந்தது. கோவிலின் சபையில் இருக்கும் வயதான பிரெஞ்சுக்காரர்கள் கூடிப் பேசி, ஜெனீவா இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இந்த மனிதர் கீழே இருக்கட்டும், பிறகு வேறு யோசிப்போம் என்று சொன்னார்கள். ஆகவே ஜெனீவாவில் வழக்கு நிற்கும்வரைதான் பத்திநாதரின் தலைக்கு மேல் கூரை. இதை எலிசா நன்றாக விளங்கிக்கொண்டாள். விளங்கிக்கொண்டுதான் அந்தப் பிழையைச் செய்தாள்.

பிழைக்கு வித்து பாரிசிலிருந்து வந்தது. ஜொய்சியின் கணவரையும் பிரான்ஸ் திருப்பி அனுப்பப் பார்த்தது. அவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். டீசல் ஏற்றினானோ வெடிமருந்து ஏற்றினானோ, சித்திரவதை நடக்கும் இடத்துக்கு ஒருவனை அனுப்பக்கூடாது என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அவரை வைத்துக்கொண்டது. நீதிமன்றத்தை எங்கள் சனம் கோடு என்றுதான் சொல்லும். மடுத் திருவிழா அன்று தொலைபேசியில் ஜொய்சி அளந்தாள்: "எங்கட கோடு சொன்னாச் சொன்னதுதான், எடியே. உங்கட ஜெனீவா மாதிரிக் கெஞ்சிக்கொண்டு நிக்காது." எலிசா தொலைபேசியை வைத்தவள்தான், பிறகு எடுக்கவில்லை. ஒரே வள்ளம், ஒரே டீசல், ஒரே முகாம். அங்கே ஒரு மனிதன் தன் பிள்ளையோடு சந்தைக்குப் போகிறான். இங்கே ஒரு மனிதன் நிலவறையில் இருக்கிறான். அக்காவின் பேச்சில் பொய் இல்லை, அதுதான் வலித்தது.

அந்தக் கோபத்தோடு குசினியில் நின்றவளுக்கு யோசனை சொன்னவர் தியாகலிங்கம். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், கிளாக்கராக இருந்தவர், இப்போது குசினியில் தட்டு வண்டி தள்ளுகிறார்.

"தங்கச்சி, ஐரோப்பாவுக்கு ஒண்டு இருக்கிற மாதிரி இந்தக் கண்டத்துக்கும் ஒரு ஆணைக்குழு இருக்கு. வாஷிங்டனில. ஜெனீவா எங்க கிடக்குது, வாஷிங்டன் எங்க கிடக்குது? கிட்ட இருக்கிறவனுக்குத்தான் கை நீளும். நான் இங்கிலீசில ஒரு பெட்டிசம் எழுதித் தாறன். எத்தினை பேருக்குப் பெட்டிசம் எழுதின கை இது!"

எழுதிக் கொடுத்தார். அழகாகவே எழுதியிருந்தார். எலிசா காட்டிய இடத்தில் பத்திநாதர் கையெழுத்திட்டார். "ஸ்ரீலேகா மிஸ்ஸுக்குச் சொன்னனீரோ?" என்று மட்டும் கேட்டார். "அதென்னத்துக்கு அவவுக்கு? இது வேற இடம்" என்றாள் எலிசா. அவள் ஒளிக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மார்கழி பிறந்து பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்த நேரம், ஸ்ரீலேகா கழுத்துச் சால்வையைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்குள் வந்து நின்றாள். எலிசா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாஷிங்டனுக்கு ஏதாவது அனுப்பினீங்களா?"

"ஓம் மிஸ், எல்லாம் ஒழுங்கா அனுப்பியாச்சு" என்றாள் எலிசா பெருமையாக.

ஸ்ரீலேகா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அரசாங்க வக்கீலுங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. இதே கேஸ் வாஷிங்டன்லயும் இருக்கு, அதனால நீங்க இதை எடுக்கவே கூடாதுன்னு ஜெனீவாவுக்கு எழுதிட்டாங்க."

"ஏனாம் எடுக்கக்கூடாது?"

"ஒரே விஷயத்தை ரெண்டு இடம் ஒரே நேரத்துல விசாரிக்கக்கூடாது. அதுதான் விதி. ஜெனீவாவுக்கும் அந்த விதி, வாஷிங்டனுக்கும் அந்த விதி. அங்க இருக்குன்னு இவங்க விட்டுடுவாங்க, இங்க இருக்குன்னு அவங்க விட்டுடுவாங்க. கடைசில கையில ஒண்ணும் இருக்காது, அக்கா."

எலிசா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். பத்திநாதர்தான் முதலில் வாய் திறந்தார். அவர் எப்போதும் மெல்லத்தான் பேசுவார். "எங்கட மாதாவும் அந்தோனியாரும் எண்டா ஆளுக்காள் கதைச்சுப்போட்டு ஒராள் செய்து தருவினம். இவை தங்களுக்குள்ள கதைக்கமாட்டினம் போல."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீலேகாவுக்கு மட்டும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். "வாஷிங்டன் மனுவைத் திருப்பி வாங்கிக்கிட்டாப் போதும். ஒரு கையெழுத்து. ஜெனீவா கேஸ் நிக்கும்."

"மாட்டன்" என்றாள் எலிசா.

"அக்கா…"

"வைச்ச நேத்தியை முறிக்கச் சொல்லுறியளோ? அதுவும் கிட்ட இருக்கிறதை? அக்கான்ர மனிசனைக் காப்பாத்தினது எது? அவையின்ர கண்டத்துக் கோடு. எங்கட கண்டத்தில இருக்கிறதை விட்டுப்போட்டு நான் ஏன் கெஞ்சிறவையின்ர வாலைப் பிடிப்பான்?"

"பக்கத்துல இருக்கறதால பலம் வந்துடாதுக்கா. அந்தக் கோர்ட் சொன்னாக் கேட்போம்னு ஐரோப்பா நாடுங்க கையெழுத்துப் போட்டிருக்கு. அந்தக் கையெழுத்துலதான் பலம். இந்தக் கண்டத்துலயும் கோர்ட் ஒண்ணு இருக்கு, ஆனா கனடா அதுக்குக் கையெழுத்துப் போடலை. வாஷிங்டன் ஆணையமும் எடுத்துச் சொல்லும், கேட்டுக்கும். ஜெனீவா மாதிரியேதான்."

"பேந்தென்ன? ரெண்டும் கேக்கிறவைதானே? அப்ப ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டு என்னத்துக்கு?"

சட்டம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இதை வைத்து எழுதித் தள்ளியிருக்கிறார்களாம், முழு உலகத்துக்குமான சட்டமும் ஒரு கண்டத்துக்கான சட்டமும் எப்படி ஒன்றோடொன்று பொருந்திப்போவது என்று. அவற்றையெல்லாம் அந்த நிலவறையில் விரித்து என்ன பயன்? ஸ்ரீலேகா சொன்னது இதுதான்: "ஜெனீவா ஏற்கெனவே கேட்டுக்கிட்டாச்சு. அந்தக் கோரிக்கை இன்னும் நிக்குது. அது நிக்கிறவரைக்கும் இவரும் இங்க நிக்கலாம். வாஷிங்டன் இன்னும் எதுவும் சொல்லலை."

எலிசா எழும்பிப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் படியிறங்கும்போது வாய் திறக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள், பத்திநாதர் சாப்பிடுவதைப் பார்த்தாள், ஏதனங்களை எடுத்துக்கொண்டு போனாள். மனிதர் தன்பாட்டில் கோவிலின் பழைய கதிரைகளுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், அவள் போக எழும்பியபோது, "எலிசா, எங்கட கட்டிலில இப்ப எந்தப் பக்கம் படுக்கிறீர்?" என்று கேட்டார்.

"என்ர பக்கந்தான். வேறெங்க?"

"பிள்ளையைப் பக்கத்தில படுக்க விடுமன். குளிருமெல்லோ."

"உங்கட பக்கம் ஒருத்தரும் படுக்கேல்லை. படுக்கவும் விடமாட்டன்" என்றாள். சொல்லிவிட்டு வேகமாகப் படியேறினாள். பாதிப் படியில் நின்று சால்வை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பாரிசுக்குப் போகும் தட்டுகளை மூடிக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை. இடைவேளையில் தொலைபேசி எடுத்து ஸ்ரீலேகாவைக் கூப்பிட்டாள்.

"மிஸ், அக்கான்ர மனிசனுக்கு அந்தக் கோடு சொன்ன தீர்ப்பு இருக்கெல்லோ. அதை ஜெனீவாக்காரர் வாசிப்பினமோ?"

"அது ஐரோப்பாவுக்கு மட்டும்தானேக்கா. இங்க செல்லாது."

"செல்லுமோ எண்டு கேக்கேல்லை. வாசிப்பினமோ எண்டு கேட்டனான்."

"வாசிப்பாங்க" என்றாள் ஸ்ரீலேகா மெதுவாக. "ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் படிக்கத்தான் செய்வாங்க. அதே படகு, அதே முகாம்… செல்லாது அக்கா, ஆனா காதுல விழும். அது கிடைக்குமா?"

"எடுத்துத் தாறன். அதை ஜெனீவாவுக்கு வையுங்கோ. வைச்சா வாஷிங்டனை விடுறன்."

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அதற்கு அக்காவிடம் அல்லவா கேட்க வேண்டும்? திருவிழா அன்று தொலைபேசியை அடித்து வைத்தவள், அதற்குப் பிறகு ஜொய்சி எத்தனைதரம் எடுத்தும் மகளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தவள். அன்று பின்னேரம் வீட்டில் தொலைபேசிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தாள். எழும்பிப்போய் உலையைப் பார்த்தாள். வந்து இருந்தாள். அனோஜினிதான் எண்ணை அழுத்தி அம்மாவின் காதில் வைத்தாள்.

"எடியே, உயிரோட இருக்கிறியோ?" என்றது பாரிஸ்.

எலிசா சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. பாதியிலேயே ஜொய்சி வெடித்தாள். "மூதேவி! இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை? என்ர மனிசன்ர பேப்பரை உன்ர மனிசனுக்குத் தரமாட்டன் எண்டோ நினைச்சனி? ரெண்டு பேரும் ஒரு வள்ளத்தில போனவங்களடி. ஒருத்தனைக் கரையில ஏத்திப்போட்டு மற்றவனைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு இஞ்ச நான் நித்திரை கொள்ளுறனெண்டோ நினைக்கிறாய்?" பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். அழுகைக்கு நடுவில், "உன்ர ஜெனீவாக்காரருக்குச் சொல்லு, எங்கட கோட்டைப் பாத்துக் கொஞ்சம் ரோசம் வரட்டுமெண்டு" என்று ஜொய்சி ஒரு குத்துக் குத்தவும் மறக்கவில்லை. எலிசா இம்முறை தொலைபேசியை வைக்கவில்லை.

தீர்ப்பு வந்து சேர்ந்தது. ஸ்ரீலேகா அதை ஜெனீவாவுக்கு அனுப்பினாள். வாஷிங்டனுக்கான விலகல் கடிதத்தை நிலவறைக்குக் கொண்டுவந்தாள். பத்திநாதர் கையெழுத்திடப் பேனாவை எடுத்தபோது, "கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் எலிசா. கடிதத்தின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அந்தோனியாரிடமா, மாதாவிடமா, அல்லது வாஷிங்டனில் இருக்கும் முகம் தெரியாத மனிதர்களிடமா மன்னிப்புக் கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. கையை எடுத்தபிறகு அவர் கையெழுத்திட்டார்.

ஜெனீவாவின் கேட்டுக்கொள்ளல் விழாமல் நின்றது. கோவில் சபையும் வாக்கு மாறவில்லை. பதில் வர எவ்வளவு காலமாகும் என்று கேட்டால் ஸ்ரீலேகா, "வருஷம் ஆகலாம்க்கா, ரெண்டு வருஷம்கூட ஆகலாம்" என்கிறாள். வருகிற பதிலைக் கனடா கேட்குமா என்பதை அவளாலும் சொல்ல முடியவில்லை. ஊரிலோ சண்டை திரும்பவும் மன்னார்ப் பக்கம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் இரவிரவாகப் பனி கொட்டி, விடியும்போது தெருவே காணாமல் போயிருந்தது. எலிசாவுக்கு வேலை இல்லாத நாள். கோவிலின் பராமரிப்புக் கிழவர் நிலவறைக் கதவிலிருந்து தெருவரைக்கும் பனியை வெட்டி ஒராள் போகும் அளவுக்கு ஒரு ஒடுக்கமான வழி எடுத்துவிட்டுக் களைத்து நின்றார். எலிசா சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டு அவர் கையிலிருந்த பனி அள்ளும் சவளை வாங்கினாள். "மதாம், வழிதான் இருக்கிறதே" என்று அவர் பிரெஞ்சில் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பளவு நின்ற பனியை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி எறிந்தாள். நிலவறையின் யன்னல் தரை மட்டத்தில் இருக்கிறது. அதில் பத்திநாதரின் முகம் தெரிந்தது. அவருக்கு அவளுடைய சப்பாத்தும் சவளின் நுனியும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

தெருவரை வெட்டி முடித்ததும் எலிசா திரும்பிக் கதவடிக்கு வந்தாள். அங்கிருந்து தெருவை நோக்கி நடந்து பார்த்தாள், நடுவால் இல்லாமல் இடது ஓரமாக, வலது பக்கம் ஓராளுக்கு இடம் விட்டு. பாதி வழியில் அவள் தோள் பனிச்சுவரில் உரசியது. நின்றாள். வெறுமையாக இருந்த வலது பக்கத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு சவளை எடுத்து மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.